கரையில் நின்ற படகு

“படகு பத்திரமா இருக்கா மச்சான்?” என்று ராஜவேல் போனில் கேட்டதும் சிங்காரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுடைய பழைய பைபர் படகுக்கு அட்வான்ஸ் கொடுத்தவன் ராஜவேல்தான்.

“மிச்சப் பணத்தக் குடுத்து எடுத்துக்கினு போ மச்சான். கடல்ல எறா கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, நான் கரையில குந்திக்கினு இருக்கேன்.”

“வர்ற வெள்ளிக்கிழம கண்டிப்பா.”

இது மூன்றாவது வெள்ளிக்கிழமை. அட்வான்ஸ் வாங்கிய படகைக் கடலில் இறக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. பேச்சை முறித்தால் இரண்டு மடங்காகத் திருப்ப வேண்டும். வாங்கிய ஐயாயிரமோ மகளின் காலேஜ் பீஸாகப் போயிருந்தது.

இறால் ஓய்ந்த பிறகுதான் ராஜவேல் தன் ஊரான கிள்ளையிலிருந்து வந்தான்.

“பணம் பொரளல மச்சான், படகு வேணாம். வாக்கு தவறுனது நான். அட்வான்ஸ நீயே வெச்சிக்க.”

சிங்காரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட மனிதனையா மூன்று வாரமாகத் திட்டினோம்! டீ வாங்கிக் கொடுத்து, டிக்கெட்டுக்கும் காசு கொடுத்து பஸ் ஏற்றிவிட்டான்.

கடலூர்த் துறைமுகத்தில் மீன் விற்றுவிட்டு வந்த பொன்னி, கூடையை இறக்கியபடியே புருஷனிடம் சொன்னாள்.

“கேட்டியாய்யா? இந்தப் பக்கம் எறா வல போடுற படகு அஞ்சுதான். அதுல ராஜவேலு அண்ணன் படகு மட்டுந்தான் கடலுக்குப் போச்சாம். சொன்னதுதான் வெலையாம், அள்ளிட்டாரு.”

“மத்த நாலும்?”

“நாலு ஊரு கரையில நின்னுச்சாம். நாலு பேருகிட்டயும் ‘அட்வான்ஸ நீயே வெச்சிக்க’ன்னு சொல்லிட்டாராம் அந்தப் பெரிய மனுசன்.”