விரல் அளவு

பல் டாக்டர் ஓர் ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார். குழந்தைகளின் விரல் நீளத்துக்கும், சிகிச்சை நாற்காலியில் அவர்களுக்கு வரும் பயத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்க வேண்டும். நாற்பது குழந்தைகளை அளந்தாயிற்று. இன்று எட்டு வயதுச் சிறுமி. கடைவாய்ப் பல்லில் சொத்தை.

"ஆள்காட்டி விரலை விட மோதிர விரல் நீளம். எழுதிக்கோங்க, சிஸ்டர்."

அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

"பத்துக்கு எவ்வளவு பயம் பாப்பா?"

"ரெண்டு, டாக்டர்."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு ஊசிக்கு. இன்னொண்ணு, உங்க கை நடுங்குதே, அதுக்கு."

இருபது வருஷமாக நடுங்காத கை. டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார்.

"பக்கத்து ரூம் டாக்டரைக் கூப்பிடுங்க. அவரே போடட்டும்."

சிறுமி ஸ்கேலை எடுத்து, அவர் கையைப் பிடித்து அளந்தாள்.

"இவருக்கும் மோதிர விரல்தான் நீளம். எவ்வளவு பயம் டாக்டர்?"

"பத்து."

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அட, அச்சு அசல் உன் விரல் மாதிரியே இருக்கே!"

"இருக்காதா பின்னே? எனக்கு அப்பா கைன்னுதான் வீட்ல எல்லாரும் சொல்வாங்க. இங்க மட்டும் டாக்டர்னு கூப்பிடணுமாம்" என்ற சிறுமி, அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க வெளியில போய் அம்மா பக்கத்துல உக்காருங்கப்பா. நான் பாத்துக்கறேன்."