தோற்றவள் வைத்த தாம்பூலம்

கயிற்றுக்கு வெளியே நின்றபடிதான் அவள் தோற்றாள்.

உள்ளே, வலைக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் ஊர்க்கூட்டம். ஆண்கள் மட்டும். நான்கு தூணையும் சுற்றி நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். பெண்கள் வெளியே நின்று கேட்கலாம். அந்த மட்டுக்கு ஊருக்குப் பெரிய மனசு.

ஊராட்சித் தேர்தலில் யார் நிற்பது என்று இங்கே ஊர் முன்கூட்டியே முடிவு செய்துவிடும். ஊர் கைகாட்டும் ஆள் மனுத்தாக்கல் செய்வார். எதிர்த்து இன்னொருவர் நிற்கக் கூடாது. அதனால் தலைவர் தேர்தலுக்கென்று ஓட்டுப்பெட்டி இந்தக் கடற்கரைக்கு வந்ததே இல்லை.

ஐந்து வருஷமாக அவள்தான் தலைவி. போன தடவை பதவியை அரசாங்கம் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டது, வேறு வழியில்லாமல் அமுதவல்லியைக் கைகாட்டினார்கள். வாயில்லாப் பூச்சி என்று நம்பி. பூச்சி கீழத்தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டது. மேலத்தெருவுக்கு மட்டும் எரிந்த விளக்கை ஊர் முழுக்க எரிய வைத்தது.

இந்தத் தடவை ஒதுக்கீடு இல்லை. அவளுக்கு முன்னால் தலைவராக இருந்த படகுக்காரர் ராஜமாணிக்கம் தன் நாற்காலியைத் திருப்பிக் கேட்டார்.

கலெக்டர் ஆபீசில் அவளுக்கு நாற்காலி போடுவார்கள். சொந்த ஊர்க்கூட்டத்தில் கயிறு.

அவளுக்காகப் பேசவேண்டியவன் அவள் புருஷன் சிகாமணி. அவனுக்கோ நாலு பேர் நடுவில் தும்மவே கூச்சம். பேச்சு வராதபோதெல்லாம் மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து உருட்டிக்கொண்டிருப்பான். இன்றைக்கும் அதைத்தான் உருட்டினான். அவன் வேலை பார்ப்பது ராஜமாணிக்கத்தின் படகில்.

மண்பானையைச் சுற்றுக்கு விட்டார்கள். அவளுக்கு என்றால் புளியங்கொட்டை. அவருக்கு என்றால் சிப்பி.

கொட்டி எண்ணினார்கள்.

புளியங்கொட்டை நாற்பத்தொன்று. சிப்பி அறுபத்திரண்டு.

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அவளுக்குப் பின்னால் பூங்காவனம் நின்றாள். பூங்காவனத்துக்குப் பின்னால் இன்னும் இருபத்தெட்டுப் பேர். புருஷனைக் கடலுக்கோ சாராயத்துக்கோ பறிகொடுத்தவர்கள். வீட்டுக்கு ஒரு ஓட்டுதான், அதுவும் ஆண் இருக்கும் வீட்டுக்கு. இந்த இருபத்தொன்பது வீட்டிலும் அடுப்பு எரிகிறது, வரி வாங்குகிறார்கள், பானை மட்டும் போவதில்லை.

அமுதவல்லி திரும்பிப் பார்த்தாள். உதடு அசையாமல் நாற்பத்தொன்றோடு இருபத்தொன்பதைக் கூட்டிப் பார்த்தாள்.

இன்னொரு தடவை கூட்டினாள்.

தாம்பூலத் தட்டு வந்தது. தோற்றவர் வீட்டு ஆள் ஜெயித்தவருக்கு வெற்றிலை பாக்கு கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு மனு, கினு என்று வாய் திறந்தால் ஊர்விலக்கு. தண்ணீரும் கிடையாது, படகும் கிடையாது.

"சிகாமணி, எழுந்திரு. தட்ட எடுத்து மாமா கையில குடு." ஊர்ப் பெரியவர் ஒருவர் ராஜமாணிக்கத்தைக் காட்டினார்.

சிகாமணி டப்பியை மடியில் செருகினான். எழுந்திருக்கவில்லை.

அவள் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள்.

கூடம் முழுக்க ஒரே கூச்சல். சிலர் எழுந்தே விட்டார்கள். அவள் பாட்டுக்கு நடந்தாள். தட்டின் முன்னால் போய் நின்றாள்.

"தோத்தவங்கதானே வெக்கணும்? தோத்தது நான்தான்."

முறைப்படி பார்த்தால் சரிதானே என்று ஒருவர் முணுமுணுத்தார். ராஜமாணிக்கம் பெருந்தன்மையாகச் சிரித்தார். துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

அவள் தட்டை எடுத்தாள்.

அவர் முன்னால் வந்தாள். அவரைத் தாண்டினாள்.

வந்த வழியே கயிற்றுக்கு வெளியே போனாள்.

பூங்காவனத்தின் முன்னால் தட்டை நீட்டினாள்.

பூங்காவனம் ஒரு அடி பின்னால் போனாள். பதினோரு வருஷமாகக் கல்யாண வீட்டில்கூட அவளைத் தாண்டித்தான் தட்டு போகும். அவளும் தாண்டிப் போக வாகாக ஒதுங்கியே பழகிவிட்டாள். இன்றைக்குத் தட்டு நகரவில்லை.

வாங்கிவிட்டால், அமுதவல்லி மனுப் போட்டால் ஓட்டு அவளுக்குத்தான்; பிறகு பேச்சு மாறக் கூடாது. அது பூங்காவனத்துக்கும் தெரியும்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். ஒரு வெற்றிலை எடுத்தாள். யோசித்து, இன்னொன்றும் எடுத்தாள்.

பக்கத்தில் நின்றவள் எடுத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும்.

தட்டு கைமாறிக் கைமாறிக் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அதில் ஒரு காம்புகூட இல்லை.

ராஜமாணிக்கத்தின் கைகள் இன்னும் நீட்டியபடியே இருந்தன.

பூங்காவனம் வெற்றிலையைக் கிள்ளி நரம்பை உரித்தாள். கயிற்றுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"தம்பி சிகாமணி, மடியில சுண்ணாம்பு வெச்சிருப்பியே. கொஞ்சம் குடேன்."

எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது.

அவன் ராஜமாணிக்கத்தைப் பார்த்தான். கூடத்துக்கு அப்பால், மணலில் ஏற்றி நிறுத்தியிருந்த அவர் படகைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

மடியைத் தடவி டப்பியை எடுத்தான்.

கயிற்றைத் தூக்கிக் குனிந்தான்.