தாழ்ப்பாள்

"சீ! இது வூடா, பஸ் ஸ்டாண்டா? உள்ளே ஒரு சுவரும் இல்ல, கதவும் இல்ல!"

குறிஞ்சிப்பாடியில் கட்டப்போகும் வீட்டின் பிளானைப் பார்த்து மாணிக்கம்மாள் முகம் சுளித்தாள்.

"இதான்மா இப்போ மாடர்ன். எல்லாம் ஒரே ஹால். தேவைப்பட்டா திரை போட்டுக்கலாம்" என்றான் மகன் இனியன்.

"திரையா? கருமம்! ஒரு ரூமுக்காவது தாழ்ப்பாளோட கதவு வைடா."

"புதுசா கல்யாணமான நாங்களே கேக்கல. உனக்கு எதுக்கும்மா?"

மாணிக்கம்மாளின் குரல் தணிந்தது.

"முப்பது வருஷமா உங்கப்பாவுக்கு மைன்ஸ்ல ஷிப்ட். குவார்ட்டர்ஸ்ல அவரு தங்குற ராத்திரியும் நடுவுல புள்ளைங்க நீங்க மூணு பேரும் படுத்துக்குவீங்க. வெள்ளிக்கிழமை ரிட்டயர் ஆவறாருடா..."

பக்கத்தில் இருந்த மருமகள் இசைப்பிரியா பென்சிலை எடுத்தாள். பிளானில் இரண்டு கதவுகள் வரைந்தாள்.