ஒரு அடுப்புக்கு ஒரு பேர்

"எம்பேர உறவின்முறையில சேருங்க" என்று பரிபூரணம் கேட்டேவிட்டாள். பொட்டப்பிள்ளை அதை மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் சாதிச் சங்கமான உறவின்முறையில் பேர் இல்லாத வீட்டுச் சாவுக்கு ஆள் வராது. அம்மாவோ ஸ்ரீவில்லிபுத்தூரில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள்.

சங்கச் செயலாளர் காளிராஜ் சிரித்தார். "பி.ஏ. படிச்சா சட்டம் மாறிருமாக்கும்? ஒரு அடுப்புக்கு ஒரு பேருதான் தாயி. அதான் ஒங்கப்பன் குருசாமி இருக்கான்ல."

"அப்பா செத்து ரெண்டு வருசமாச்சு மாமா. நீங்கதான தூக்கிட்டுப் போனீய?"

"தூக்குனேன். இல்லேங்கலையே." வருகை நோட்டை அவள் பக்கம் தள்ளினார்.

எண்பத்தாறு ஆவணியில் அப்பாவை எரித்தார்கள். அதற்குப் பிறகும் மாதம் தவறாமல் அவர் பேருக்கு நேரே கைநாட்டு இருந்தது. அப்பாவின் கட்டைவிரலை மில் மிஷின் வெட்டிய தழும்பு ஒவ்வொரு ரேகையிலும் குறுக்கே ஓடியது. அன்று காலைக் கூட்டத்தில் வைத்தது இன்னும் காயவில்லை. மை அவள் விரலில் ஒட்டியது.

அவள் நோட்டைத் திருப்பி அவரிடம் தள்ளினாள்.

"கூட்டம் முடிஞ்சு எங்க போவாரு?"

"வீட்டுக்குத்தான். வேற எங்க போவான்?"

ராஜபாளையத்து வாடகை வீட்டை அவளும் அம்மாவும் காலி செய்து ஒன்றரை வருடமாகிறது. இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

பரிபூரணம் எழுந்தாள். அப்பா பேர் இருக்கிற அந்த வீட்டுக்கே அம்மாவை நாளைக்குக் கூட்டிவந்துவிடுவது என்று படி இறங்கும்போதே முடிவாகியிருந்தது. சாவி கேட்க வீட்டுக்காரர் தெருவைப் பார்த்து நடந்தாள்.