எதுக்கு ரெண்டு வண்டி?

மஹதி பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கில் இருந்த ஹர்ஷா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

"முன்னாடி வந்து உட்காருங்க. நான் என்ன உங்க டிரைவரா?"

"டிரைவரா இருந்தா ஏ.சி.யாவது போட்டிருப்பான். கிளம்புங்க."

மல்காஜ்கிரி எல்லையைத் தாண்டுவதற்குள் குர்தா முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஏப்ரல் வெயில் அப்படி. ஏ.சி. போட்டால் பெட்ரோல் குடிக்குமாம். ஜன்னலைத் திறந்தால் காற்று எதிர்த்து மைலேஜ் குறையுமாம். ஆக, அடைத்த டப்பாவுக்குள் வேக வேண்டியதுதான். இந்தக் கஞ்சப் பிசினாரிக்கு ஐ.டி. கம்பெனியில் டீம் லீடர் என்று பெயர் வேறு.

எல்லாம் போன வருஷம் மே மாதம் ஒரே ராத்திரியில் பெட்ரோலுக்கு ஏழரை ரூபாய் ஏற்றினார்களே, அதனால் வந்த வினை. மறுநாளே போலாரத்திலிருந்து இவன் போன் செய்தான். "ஒரே இடத்துக்குத்தான் போறோம், ஒரே நேரத்துக்குத்தான் போறோம். எதுக்கு ரெண்டு வண்டி? ஒரு தடவை என்னோடது, ஒரு தடவை உங்களோடது." கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவள் தலையெழுத்து, ஒப்புக்கொண்டாள்.

இன்றைக்கு ஒரு நாள் எதுவும் இடறாமல் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், எல்லாம் முடிந்தது. அப்புறம் இந்த மூஞ்சியில் விழிக்க வேண்டியதில்லை. அதற்காகவே காலையில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டு வந்திருந்தாள்.

"பின்னாடி என்ன கடகடன்னு சத்தம்?"

"ஜாக்கி உருளுது. ஸ்டெப்னியைக் கழட்டி வீட்ல வெச்சுட்டேன். கனம் குறைஞ்சா மைலேஜ் கூடும்."

"என்னையும் கழட்டி வெச்சுட்டு வந்திருக்கலாமே."

"அதுக்குத்தானே அலையறேன்."

கொஞ்ச தூரம் போனதும் அவனே மறுபடி ஆரம்பித்தான். "அடுத்து காஸ் கிட் போடலாமான்னு பார்க்கறேன். இல்லேன்னா பேட்டரி கார்."

"மாட்டு வண்டி வாங்குங்க. போலாரத்துல புல்லுக்குப் பஞ்சமில்லை. நீங்களும் கூடவே மேயலாம்."

"ஹவ், சிரிங்க. க்ளட்ச் மேலயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டற ஆளுக்கு மைலேஜைப் பத்தி என்ன தெரியும்? போன தடவை உங்க வண்டியில வந்து என் முதுகே போச்சு."

அந்த "ஹவ்" காதில் விழுந்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆமாம் என்று சொல்ல வாயில் வலியா இவனுக்கு?

மேம்பாலத்தின் உச்சிக்கு வந்ததும் ஹர்ஷா இன்ஜினை அணைத்தான். வண்டி சத்தமில்லாமல் இறங்க ஆரம்பித்தது.

"என்ன பண்றீங்க?"

"இறக்கம்தானே. சும்மாவே உருளுது, எதுக்குச் செலவு பண்ணணும்?"

அவன் சொல்லி முடிக்கவில்லை, இடப்பக்கத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே புகுந்தது. இன்ஜின் அணைந்த வண்டியில் பிரேக் கல்லாக இருந்தது. அவன் இரண்டு காலாலும் ஏறி மிதித்தான். "மஹி, பிடிச்சுக்கோ" என்று கத்தினான்.

ஆட்டோவுக்கு மயிரிழை இடைவெளி விட்டு வண்டி நின்றது. காலையிலிருந்து இருந்த "ங்க" அந்த நொடியில் எங்கோ போய்விட்டதை மஹதி கவனித்தாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? நான் முழுசா போய்ச் சேரணும். இன்னிக்கு மட்டுமாவது."

"சேருவீங்க. எனக்கும் அங்கே வேலை இருக்கு." அவன் குரல் பழையபடி விறைத்துக்கொண்டது.

சாதர்காட் பாலத்தைத் தாண்டி, பழைய நகரத்துச் சந்துகளில் நெளிந்து, அந்தப் பெரிய கட்டடத்தின் கேட்டுக்கு வந்தார்கள். பட்டும் புத்தி வராத ஜென்மம், கேட்டைப் பார்த்ததும் மறுபடி இன்ஜினை அணைத்தான். வண்டி உருண்டுபோய் வேகத்தடையில் முட்டி, கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. சாவியைத் திருகினான். கர்ரென்று இருமியதே தவிர, கிளம்பவில்லை. பின்னால் வந்து நின்ற வெள்ளை அம்பாசடர் ஹாரன் அடித்தது.

"இறங்கித் தள்ளுங்க" என்றான்.

"நானா?"

"நான் இந்தக் கதவோரமா தள்ளிக்கிட்டே ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கறேன். கைக்கு யோசிக்கறீங்க? எதுக்குன்னு கேக்கறேன். ஹாரன் அடிக்கறாங்கல்ல."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போய்த் தள்ளினாள். மானம் போகிறதே என்று கண் இருட்டியது. வண்டி சட்டென்று தடையைத் தாண்டி ஓட, அவளுடைய ஒரு செருப்பு கேட்டிலேயே தங்கிவிட்டது. ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வந்து டிக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றவளைத் திரும்பிப் பார்த்து ஹர்ஷா சிரித்தான். திட்ட வாயெடுத்த மஹதிக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. வந்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அம்பாசடர் மெல்ல அவர்களைக் கடந்தது. பின் சீட்டில் இருந்த பெரியவர் இருவரையும் நன்றாகப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

வராந்தாவிலிருந்து கறுப்புக் கோட்டோடு ஓடி வந்தாள் கனகவல்லி, மஹதியின் வக்கீல். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இப்போ உள்ளே போனது யார்னு தெரியுமோ? நம்ம ஜட்ஜ். ஒரு நிமிஷம்கூட சேர்ந்து இருக்க முடியாதுன்னு அவர்கிட்ட எழுதிக் கொடுத்திருக்கோம்."

மஹதி காரின் டிக்கியிலிருந்து கையை எடுத்தாள். கனகவல்லி விடவில்லை.

"டைவர்ஸ் கேட்டு வந்தவ, புருஷன் வண்டியையா தள்ளிண்டு வருவா?"