ஏழாவது சிரிஞ்சு

இராயபுரம் உண்டான நாள் முதல் ஊசிக்கு அஞ்சாமல் வாழ்ந்த ஒரே ஆண்மகன் தான்தான் என்று சவரிநாதன் அறிவித்தபோது, காலரா ஊசிக்கு நின்ற வரிசை மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. ஊசி போட்ட சீட்டைக் காட்டினால்தான் மறுநாள் அவனைக் கப்பல் வேலைக்கு ஏற்றுவார்கள். ஏற்கெனவே இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் அவசர வேலை நினைவுக்கு வந்து திரும்பிப் போயிருந்தான்.

அந்த டிஸ்பென்சரியில் நர்ஸ் அடைக்கலமேரி ஒவ்வொரு தடவையும் ஆறு கண்ணாடி சிரிஞ்சுகளைக் கொதிநீரில் போடுவாள். இடுக்கியால் ஏழு எடுப்பாள். ஏழாவது வலிக்காது, அதைப் போட்டுக்கொண்டவர்கள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். அதனால் அந்த வரிசை மட்டும் பின்பக்கமாக நகரும்.

"நீ முன்னாடி போ மாமு," என்றான் வரிசையில் முன்னால் நின்ற ஒரு மீசைக்காரன், அடுத்தவனிடம்.

"பெரியவரு நீ கீறப்போ நான் எப்டி நைனா?"

சவரிநாதன் கைகொட்டிச் சிரித்தான். "மீசை வச்சிகினு நம்பர் எண்ணுறீங்களே, வெக்கமா இல்ல?"

இடுக்கி தண்ணீருக்குள் போனது. சவரிநாதன் தலைகளை ஒருமுறை பார்த்தான். அவன் ஆறாவது. பின்னால் மீன் விற்கும் ரோசியக்கா கூடையோடு நின்றாள்.

"யக்கா, கூடை கனமா கீதே. நீ முன்னாடி போ," என்றான் மெதுவாக.

"காலிக் கூடைடா," என்று சொல்லிச் சிரித்துவிட்டு ரோசியக்கா முன்னால் போனாள்.

சற்று நேரத்தில் சவரிநாதன் சீட்டும் கையுமாக, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தான். உள்ளே அடைக்கலமேரி சிரிஞ்சுகளைக் கழுவி எண்ணினாள். ஆறு இருந்தன. அடுப்பைப் பற்றவைத்தாள்.