கம்பவுண்டர் கலந்த தீனி

சட்டைப் பையில் இரண்டு முட்டைகளோடு, விடிந்தும் விடியாத நேரத்தில், கோழிக்கூண்டின் பின்பக்கம் கம்பவுண்டர் திருடனைப் போலக் குந்தியிருந்தார். ஒரு கோழி கண்ணைத் திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தது.

"கத்தித் தொலைக்காதே தாயே, உன் கழுத்தைக் காப்பாத்தத்தான் வந்திருக்கேன்."

முட்டைகளை எடுத்து, பின்மூலையில் இருந்த மரப்பெட்டியின் வைக்கோலுக்குள் பதமாக வைத்தார். கோழியிடமிருந்து முட்டையைத் திருடியவர்கள் உண்டு. கடையில் வாங்கிய முட்டையைக் கொண்டுவந்து கோழிக்கே கொடுக்கிறவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

வேறு வழியில்லை. மனைவி கொடுத்த கெடு இன்றோடு முடிகிறது.

ஆறு கோழிகளை வாங்கி வந்த அன்று மார்தட்டியது இவர்தான். "கடையில விக்கிற மூட்டைத் தீனி எதுக்கு? மனுஷனுக்கே மருந்து கலக்கிறவன், கோழிக்குக் கலக்க மாட்டேனா?" பத்துப் பங்கில் ஐந்து உடைத்த மக்காச்சோளம், இரண்டு தவிடு, இரண்டு கடலைப் புண்ணாக்கு, மிச்சம் ஒன்றில் கருவாட்டுத் தூளும் கிளிஞ்சல் தூளும் என்று சுவரில் எழுதி ஒட்டினார். புண்ணாக்கு விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. அதில் ஒரு பங்கைக் கழித்துத் தவிட்டில் சேர்த்துவிட்டு, 'எல்லாம் சத்துதான்' என்று தனக்குத்தானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டார்.

கோழிகள் தின்றன. பயில்வான்களைப் போல உடம்பு வைத்தன. முட்டை மட்டும் போடவில்லை.

"இதுங்க கோழியா, இல்ல உங்க சொந்தக்காரங்களா?" என்றாள் மனைவி. "தின்னுட்டுத் தின்னுட்டு உக்காந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள முட்டையைக் கண்ணுல காட்டலைன்னா, சனிக்கிழமை ஆறும் சட்டிக்குள்ள!"

சொன்னால் செய்கிறவள். ஆறில் ஒன்றையும் விட்டுக்கொடுக்கக் கம்பவுண்டருக்கு மனமில்லை. அதிலும் ஒரு மொட்டைக்கழுத்துக் கோழி, சாயங்காலம் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிவரும். அவர் வந்தால் ஓடிவருகிற ஜீவன் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

ஏழு மணிக்குக் கூடையை எடுத்துக்கொண்டு, வீடே கேட்கும்படி கனைத்தபடி போனார். மரப்பெட்டியில் அவருடைய இரண்டு முட்டைகளும் பத்திரமாக இருந்தன. கூண்டின் சமையலறைப் பக்கத்தில், வைக்கோல் அடைத்துப் படுக்கப் போட்டிருந்த பெயின்ட் டின்னையும் சும்மா ஒரு பேச்சுக்கு எட்டிப் பார்த்தார்.

அதில் இன்னும் இரண்டு!

கையில் எடுத்தார். சில்லென்று இருந்தன. பனி அப்படிக் கொட்டுகிறது, பாவம் கோழிகள்.

"இங்க வா! ஓடி வா! நாலு!"

மனைவி கரண்டியோடு வந்து கூடைக்குள் பார்த்தாள். "நாலா?" என்று வாயைப் பிளந்தாள். அப்புறம் முகத்தை விறைப்பாக்கிக்கொண்டு, "சரி, சரி, பொழைச்சுப் போகட்டும்," என்று உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து தினமும் நாலு. தன் பங்கு இரண்டை நிறுத்தக் கம்பவுண்டருக்குத் தைரியம் வரவில்லை. நாலு இரண்டானால் அவள் மறுபடியும் சட்டியைத் தேடுவாள்.

தெருவில் அவருக்குத் 'தீனி டாக்டர்' என்று பெயர் வந்துவிட்டது. இருமலுக்கு மருந்து வாங்க வந்தவர்கள்கூடக் கோழிக்கு என்ன அளவு என்று கேட்டார்கள். அவரும் கூச்சப்படாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு விளக்கினார்.

பதினைந்தாம் நாள் எதிர்வீட்டுத் தையல்காரம்மா காகிதமும் பென்சிலுமாக வந்து நின்றாள்.

"அண்ணே, அளவைச் சொல்லுங்க. மூட்டைத் தீனி வாங்கிக் கட்டுப்படியாகலை. இருபது கோழி வச்சிருக்கேன், அதுங்க போடுற முட்டையிலதான் எங்க வீட்டு அடுப்பு பாதி நாள் எரியுது. நாளையிலேருந்து உங்க கலவைதான்."

கம்பவுண்டர் இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. தன் வீட்டில் நாடகம் போடுவது வேறு, அடுத்தவர் அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது வேறு. "ஒரே ஒரு நாள் பொறும்மா, சரிபார்த்துச் சொல்றேன்," என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை அவர் முட்டை வைக்கவில்லை. இந்தத் தீனி உண்மையில் எத்தனை போடவைக்கிறது என்று தெரிந்தாகவேண்டும்.

ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தார். மரப்பெட்டி காலி. டின்னுக்குள் கையை விட்டார். இரண்டு!

போன உயிர் திரும்பி வந்தது. ஆறு கோழிக்கு இரண்டு குறைச்சல்தான், ஆனால் கலப்படமில்லாத இரண்டு! கஞ்சத்தனத்தில் கழித்த புண்ணாக்கைத் திரும்பச் சேர்த்தால் இன்னும் கூடப் போடும். தையல்காரம்மாவிடம் நிமிர்ந்து நின்று சொல்லலாம்.

"என்னங்க, இன்னிக்கு ரெண்டுதானா?" மனைவி கூடையைப் பார்த்து முகம் சுருங்கினாள்.

"ரெண்டுதான். ஆனா ரெண்டும் நம்ம தீனி போட்டது!" சந்தோஷத்தில் கம்பவுண்டருக்கு வாய் நிற்கவில்லை. "திட்டாதே, உண்மையைச் சொல்லிடறேன். இத்தனை நாளும் மரப்பெட்டியில இருந்த ரெண்டு நான் கடையில வாங்கி வச்சது. நீ இதுங்களை வெட்டிடுவியோன்னு பயம். இன்னிக்குத்தான் வைக்கலை. பாரு, நான் வைக்காமலே ரெண்டு!"

அவள் திட்டவில்லை. கூடையைப் பார்த்தாள். மும்முரமாகத் தவிட்டைக் கிளறிக்கொண்டிருந்த ஆறு பயில்வான்களைப் பார்த்தாள். கடைசியாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களுமா?"